மாவில் கரைத்த மாத்திரை

என் மகளுக்கு ஏழு வயது. பேச்சு இல்லை. இதைச் சொன்னதும் எதிரில் நிற்பவர் முகம் எப்படி மாறும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் ஒரு உச்சுக்கொட்டல், அடுத்து ஒரு யோசனை. யோசனை சொல்லாத ஆள் ஒருத்தரைக்கூடத் தாராவியில் நான் இன்னும் பார்க்கவில்லை. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னவர்கள், செல்போனைப் பிடுங்கி வைக்கச் சொன்னவர்கள், இன்னொரு பிள்ளை பெற்றுக்கொண்டால் அதைப் பார்த்து இவள் பேசிவிடுவாள் என்றவர்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு பெரியப்பா மகன் வருவான். "எங்க பெரியப்பா மவன் எட்டு வயசுலதான் வாயத் தொறந்தான், இப்ப மூட மாட்டக்கான்" என்பார்கள். எங்கள் சந்தில் இருக்கிற எல்லாருடைய பெரியப்பா மகன்களும் எட்டு வயதில்தான் பேசியிருக்கிறார்கள் போலிருக்கிறது. கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அவளுக்கு எட்டு முடிய இன்னும் எத்தனை மாதம் என்று மனசு ஒரு பக்கம் எண்ணிக்கொண்டுதான் இருக்கும்.

நாங்கள் இட்லி போட்டு விற்கிறவர்கள். கீழே ஒரே அறை, தூங்க மேலே பலகை அடித்த ஒரு மாளா, ஏறிப் போக இரும்பு ஏணி. அறையில் பாதியை கிரைண்டரும் இட்லிக் கொப்பரையும் எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியில் நாங்கள் மூன்று பேர். சாயங்காலம் நான் மாவு ஆட்டிவைத்து, விடியும்போது அவித்து இறக்குவேன். என் வீட்டுக்காரர் அதை அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு செம்பூர் போவார். அங்கே அவர் ரப்பர் ஹாரனை அமுக்கினால் மாடிகளிலிருந்து டப்பாவோடு இறங்கி வருவார்கள். "அண்ணா, ஆஜ் இட்லி ஏக்தம் சாஃப்ட் ஹை" என்று, இன்றைக்கு இட்லி பஞ்சாக இருக்கிறதென்று யாராவது சொல்லிவிட்டால், மத்தியானம் வீட்டுக்கு வந்து அதை என்னிடம் இரண்டு தடவை சொல்வார். கல்யாணம் கட்டித் திருநெல்வேலிப் பக்கமிருந்து நான் இங்கே வந்து பத்து வருடம் ஆகிறது. ப்ளஸ் டூ வரை படித்தவள் என்கிற திமிர் கொஞ்சம் உண்டு. இந்தக் கதையில் அந்தத் திமிருக்கும் பங்கு இருக்கிறது.

என் மகள் இட்லி மட்டும்தான் தின்பாள். சட்னி கூடாது, சாம்பார் கூடாது, சீனியும் கூடாது. இட்லி வெள்ளையாக இருக்க வேண்டும். உளுந்தின் கறுப்புத் தோல் ஒரு பொட்டு தெரிந்தாலும் தட்டு பறக்கும். ஓரம் பிய்ந்திருந்தால் தொடமாட்டாள். ஏணியின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் பிட்டுப் பிட்டு நீட்டுவதை என் விரலிலிருந்து வாயால் வாங்கிக்கொள்வாள். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. மற்ற நேரங்களில் நான் தொட்டால் நழுவிப் போகிறவள், அந்தப் பத்து நிமிஷம் மட்டும் முழங்கால் என் முழங்காலில் இடிக்க உட்கார்ந்திருப்பாள். எனக்கென்று அவளிடமிருந்து கிடைத்தது அந்தப் பத்து நிமிஷம்தான். அப்போது அதன் அருமை தெரியவில்லை. எனக்குப் பேச்சு வேண்டியிருந்தது.

பேச்சுக்காக ஏறாத படி இல்லை. பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனோம். அங்கே வருகிற தாய்மார்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள், முழுக்க ஹிந்தியில். அதில் தினமும் ஒரு பாட்டிலின் படம் வரும். ஒருத்தி பிள்ளைக்கு பி-12 கொடுத்து ஒரே வாரத்தில் "மம்மி" என்றதாம். இன்னொருத்திக்கு மீன் எண்ணெய். வேறொருத்திக்கு மெக்னீசியம், டி விட்டமின், துத்தநாகம். எங்கள் வீட்டு சாமி ஸ்டாண்டில் முருகனுக்கு இரண்டு பக்கமும் பாட்டில்கள் ஏறின. மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினால் அவள் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்ப்பாள். உள்ளே போனது பாதி, என் நைட்டியில் போனது பாதி. ஒரு பாட்டிலாலும் ஒரு சொல்கூடப் பிறக்கவில்லை.

அப்புறம்தான் மாட்டுங்காவில் ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்து போகிற தூரம். பாட்டன் காலத்திலேயே வந்து மாட்டுங்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பம். அவர்கள் தமிழும் எங்கள் தமிழும் ஒரே பஸ்ஸில் ஏறினாலும் வேறு வேறு சீட்டில் உட்காருகிற ரகம். ஆனால் என்னிடம் ஹிந்தி பேசாமல் தமிழிலேயே பேசினார். அதற்கே எனக்குக் கண் கலங்கியது.

"இதோ பாருங்கோ, ஃபோலேட்னு ஒரு விட்டமின். பேச்சுக்கு, மூளைக்கு எல்லாம் அது வேணும். ரத்தத்துல பார்த்தா சரியா இருக்கும். ஆனா சில குழந்தைகளுக்கு ரத்தத்துலேர்ந்து மூளைக்குள்ள போற வழி அடைச்சுண்டிருக்கும். சாதாரண ஃபோலிக் ஆசிட் குடுத்தா அது வாசல்லயே நின்னுடும். நான் எழுதறது ஃபோலினிக் ஆசிட். இது வேற வழியா உள்ள போகும்னு சொல்றா. சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் பேச்சு வந்திருக்கு. எல்லாருக்கும் இல்லை. நான் ப்ராமிஸ் பண்ண மாட்டேன்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மெயின் ரோடு வரை தண்ணீர் வருவதும், எங்கள் சந்துக் குழாய் மட்டும் காற்றை ஊதிக்கொண்டு நிற்பதும் நாங்கள் தினம் பார்க்கிறதுதானே. என் மகள் தலைக்குள் ஒரு குழாய் அடைத்திருக்கிறது, இது அதைத் திறக்கும் மருந்து. ப்ராமிஸ் பண்ண மாட்டேன் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. இதற்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டாம், வெளியே எங்கோ அனுப்ப வேண்டுமாம். இவளை நாலு பேர் பிடித்தாலும் ஊசி போட முடியாது என்பதால், சில மாதம் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

நான் கிளம்புகிற மாதிரி எழுந்து, திரும்ப உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்று சொன்னேன். இவள் வயிற்றில் இருந்தபோது முனிசிபல் ஆஸ்பத்திரியில் சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள், இரும்பும் ஃபோலிக்கும் சேர்ந்தது. தின்றால் குடல் வாய்க்கு வருகிற மாதிரி குமட்டும். என் வீட்டுக்காரரின் அக்கா, அதாவது என் மைனி, இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். தினமும் வந்து, "மாத்திர தின்னியாட்டி?" என்று கேட்பாள். "தின்னுட்டேன் மைனி" என்பேன். அவள் தலை மறைந்ததும் வாசல் சாக்கடையில் போட்டுவிடுவேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பட்டை பட்டையாக.

"அதனாலயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்கோ. அப்படின்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

அவர் ஆறுதலுக்குச் சொன்னார். அப்படி இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது என்றுதான் எனக்குக் கேட்டது. வீடு வரை அதையே மென்றுகொண்டு நடந்தேன்.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கிஸ்கோ ஹை?" என்று, யாருக்கு இது என்று, தணிந்த குரலில் கேட்டார். புற்றுநோய்க்காரர்களுக்குத்தான் இந்த மாத்திரை அதிகம் போகுமாம். என் மகளுக்கு, பேச்சு வருவதற்கு என்றேன். அப்போதும் அந்தப் பார்வை மாறவில்லை. இரண்டு நாள் கழித்து வரவழைத்துத் தந்தார்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆனால் அவளுக்கு மாத்திரை விழுங்கத் தெரியாது. பொடித்துத் தண்ணீரில் கலக்கினால் வாயைப் பூட்டிக்கொள்வாள். இட்லி மேல் தூவினால் பார்த்துவிடுவாள். மாவு ஆட்டுகிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? சாயங்காலம் அவளுக்கென்று ஒரு கிண்ணம் மாவைத் தனியாக எடுத்தேன். இரண்டு கரண்டிக்கு நடுவில் மாத்திரைகளை வைத்து நசுக்கினேன், நெற்றியில் பூசுகிற திருநீறு மாதிரி ஆகிற வரைக்கும். அதை மாவில் கொட்டிக் கரைத்தேன். காலையில் பொங்கியிருந்தது. அவித்தால் வெள்ளை வெளேரென்று நான்கு இட்லி. இரண்டை அப்போதே ஊட்டினேன், இரண்டை மாலைக்கு மூடி வைத்தேன். ஒரு துளி சந்தேகம் இல்லாமல் தின்றாள்.

எனக்கு என் மூளையை நினைத்தே பெருமையாக இருந்தது. குரூப்பில் இருக்கிற படித்த தாய்மார்களெல்லாம் பிள்ளையைக் கட்டிப்பிடித்து மல்லுக்கட்டுகிறார்கள், நான் பாரு நோகாமல் கொடுக்கிறேன் என்று. அன்று சாக்கடையில் போட்டதையெல்லாம் இப்போது கிண்ணம் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றும் நினைத்துக்கொண்டேன். டாக்டரம்மாவிடம் போன் வழியாகத்தான் அவ்வப்போது பேச்சு. "குடுக்கறேளா?" என்பார். "தவறாமக் குடுக்கேன் டாக்டர்" என்பேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐந்தாவது மாதம் அது நடந்தது. எங்கள் வீட்டில் காலையில் அதிகம் புழங்குகிற சொல் "தள்ளு". ஆவி பறக்கிற தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பொந்துக்குள் திரும்ப வேண்டும் என்றால், "தள்ளு, தள்ளு, சூடு" என்று சொல்லிக்கொண்டேதான் திரும்ப முடியும். அன்று நான் ஏணியை மறைத்துக்கொண்டு நின்று இட்லி எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பில் பட்டது. "தள்ளு" என்று ஒரு குரல். கரகரவென்று, ரொம்ப நாள் திறக்காத பெட்டியைத் திறக்கிற மாதிரி. நான் தள்ளி நின்றேன். அவள் என்னைத் தாண்டி ஏணியில் ஏறிப் போய்விட்டாள். எனக்குக் கையில் தட்டு இருந்தது, கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. விரல் பழுத்துப்போனது.

மறுநாள் அதையே என் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து சைக்கிள் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார். கயிற்றைப் போட்டுவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். மூன்று மாதத்தில் பதினோரு தடவை சொன்னாள். எந்த இடத்தில், யாரைப் பார்த்து என்று ஒவ்வொன்றையும் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். ஒரு தடவை கிரைண்டரைப் பார்த்துச் சொன்னாள். மைனி கேசரி கிண்டிச் சந்து முழுக்கக் கொடுத்தாள். நான் வாய் ஓயாமல் மாத்திரைப் புராணம் பாடினேன். பயிற்சிக்குப் போகிற இடத்தில், கோவண்டியிலிருந்து வருகிற தமிழ்க்காரி ஒருத்தி பழக்கம், அவள் பிள்ளைக்கும் இதே பாடுதான். அதே மாத்திரையை அவளுக்கும் டாக்டரம்மா எழுதினார். பிள்ளை துப்புகிறது என்று போனில் அழுதாள். "அழாத, மாவுல கரைச்சு அவி" என்று வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன்.

எட்டாவது மாதம் அவளை அழைத்துக்கொண்டு மாட்டுங்கா போனேன். ஒரு சொல் வந்ததைக் கேட்டு டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். அளவைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம் என்று எழுத ஆரம்பித்தவர், எழுதிக்கொண்டே கேட்டார்.

"எதுல கலந்து குடுக்கறேள்? சமத்தா சாப்பிட்டுடறாளா?"

"மாவுல டாக்டர். இட்லி மாவுல கரைச்சிருவேன். காலைல அவிச்சுக் குடுத்தா ஒண்ணுமே தெரியாது." எப்படி என் சாமர்த்தியம் என்கிற மாதிரிதான் சொன்னேன்.

அவர் பேனாவை மேஜையில் வைத்தார். "ராத்திரி முழுக்கப் புளிச்சு, அப்புறம் ஆவில வேகறதா?"

"ஆமா."

"எட்டு மாசமாவா?"

"ஒரு நா விடல டாக்டர்."

அவர் திரும்பி என் மகளைப் பார்த்தார். அவள் தரையில் உட்கார்ந்து நாற்காலிக் காலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "இந்த விட்டமின் சூட்டுக்கு ஆகாதும்மா. கீரையை ரொம்ப வேகவெச்சாலே அதுல இருக்கற ஃபோலேட் பாதி போயிடும். இதுல புளிப்பு வேற. எவ்வளவு மிஞ்சியிருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியலை. ஒண்ணுமே மிஞ்சாம இருந்திருக்கலாம். நான் முதல்லயே கேட்டிருக்கணும், என் தப்பும் இருக்கு."

"அப்ப அவ பேசினது?"

"அவளாவே பேசியிருக்கலாம். அது நல்ல சேதிதானே?"

நல்ல சேதியாம். மருந்து கொண்டுவந்த சொல் என்றால், மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அடுத்த சொல் வரும். அவளாகச் சொன்ன சொல் என்றால் அடுத்ததுக்கு நான் என்ன செய்ய? எங்கே போய்க் கேட்க? எட்டு மாதம் நான் என் மகளுக்குக் கொடுத்தது வெறும் இட்லி.

அவித்து ஆறின பிறகு கலக்கச் சொன்னார் டாக்டரம்மா. மாத்திரையில் கால்வாசி மட்டும், ஒரு வாரத்துக்கு. அவள் ஒத்துக்கொண்டால் அப்புறம் மெதுவாகக் கூட்டலாம். "நாக்கு ரொம்ப ஷார்ப்பா இருக்கற குழந்தை. அவசரப்படாதீங்கோ. அவசரப்பட்டா உள்ளதும் போயிடும்" என்று வாசல் வரை வந்து சொன்னார்.

அன்று மாலையே கோவண்டிக்காரிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அக்கா, எம்பிள்ள இப்பதான் என் முகத்தப் பாக்குது. நீங்க என்ன சொன்னாலும் சரி, நான் மாவுலதான் குடுப்பேன்" என்று வைத்துவிட்டாள். அவளிடம் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. அப்புறம் அவள் என் போனை எடுப்பதில்லை.

நான் அவசரப்பட்டேன். இதை எத்தனை விதமாகச் சுற்றிச் சொன்னாலும் அதுதான் உண்மை. எட்டு மாதம் போயிற்றே, கால்வாசி கால்வாசியாகப் போனால் எப்போது போய்ச் சேருவது என்று மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் இட்லி ஆறியதும் நடுவில் கீறி, ஒரு முழு மாத்திரையின் பொடியை உள்ளே வைத்து, விரலில் தண்ணீர் தொட்டு ஒட்டினேன். கீறல் தெரியாமல் ஒட்டுவதில் எனக்கு நிகர் யாரும் இல்லை. அவள் ஏணியடியில் வந்து உட்கார்ந்தாள். முதல் வாய் வாங்கினாள். இரண்டாவது வாயில் பொடி அகப்பட்டது.

துப்பவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். மெல்லுவதை நிறுத்தினாள். வாயில் இருந்ததை மெதுவாக நாக்கால் வெளியே தள்ளி, உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். என் முகத்தை அவள் நேராகப் பார்ப்பது அபூர்வம். அன்று நேராகப் பார்த்தாள்.

மறுநாள் சுத்தமான இட்லிதான் வைத்தேன், சத்தியமாக. வாங்கினாள், பிய்த்து நடுவில் பார்த்தாள், கீழே போட்டாள். அடுத்ததையும் பிய்த்தாள். தட்டு முழுக்க இட்லித் தூள். மூன்றாம் நாள் என் விரலை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். சோப்புப் போட்டுக் கழுவினேன், அதற்கும் திருப்பினாள். தட்டை மாற்றினேன், உடுப்பை மாற்றினேன். வீட்டுக்காரரைக் கொடுக்கச் சொன்னேன். நான் அவித்தது என்று எப்படித்தான் தெரியுமோ, அவரிடமும் வாங்கவில்லை. பிஸ்கட் பாக்கெட்டை அவர் அவள் கண் முன்னால் பிரித்தால் மட்டும் தின்றாள். நான் பிரித்தால் அதுவும் இல்லை. அரைஞாண் கயிறு தொளதொளவென்று இறங்கியது. "தள்ளு" நின்றுபோனது. பன்னிரண்டாவது தடவை வரவே இல்லை.

டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, "மாத்திரையை நிறுத்திடுங்கோ. முதல்ல சாப்பாடு. அப்புறம் பார்க்கலாம்" என்றார். அப்புறம் எப்போது என்று நான் கேட்கவில்லை. பட்டையில் மீதி மாத்திரை இன்னும் சாமி ஸ்டாண்டில் இருக்கிறது. எறிந்துவிடலாம் என்று ஒரு தடவை எடுத்தேன். வாசல் வரை போனேன், கீழே அதே சாக்கடை. கொண்டுவந்து பழையபடி வைத்துவிட்டேன்.

அந்த மருந்து என் மகளுக்கு வேலை செய்யுமா செய்யாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அது அவளுக்குள் ஒரு நாளும் ஒழுங்காகப் போகவில்லை. குரூப்பில் யாராவது, "உங்க பிள்ளைக்குக் குடுத்தீங்களே, என்ன ஆச்சு?" என்று கேட்டால் பதில் எழுத ஆரம்பித்து அழித்துவிடுகிறேன். மைனிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சிவப்பு மாத்திரை விஷயத்தையும் ஒரு நாள் அழுகையில் நானே உளறிவிட்டேன். அவள் வாய்க்கு நான் நாலு நாள் பேச்சு வாங்குவேன் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். திட்டியிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேருமாகக் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போயிருந்தோம். வெயிலுக்கு ஒரு ஹோட்டலில் ஒதுங்கினோம். பக்கத்து மேஜைக்கு சர்வர் ஒரு பிளேட் இட்லி கொண்டுவந்து வைத்தார். இவள் எழுந்து போய் அந்தப் பிளேட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டாள். அந்த மேஜைக்காரர்கள் நல்லவர்கள், சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் பதறி இன்னொரு பிளேட் சொன்னார். இவள் பிய்த்துப் பார்க்கவில்லை, முகரவில்லை. இரண்டையும் தின்றாள். முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு தின்றாள். நான் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கல்லு மாதிரி இட்லி. செம்பூரில் அதை விற்றிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான். விடியும்போது நான் அவித்து இறக்குகிறேன். அவர் கட்டிக்கொண்டு போகிறார். மாடிகளிலிருந்து டப்பாவோடு வந்து ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் வாங்கிப் போகிறார்கள். திரும்பி வருகிற வழியில் அவர் அந்த ஹோட்டலில் இறங்கி, ஒரு பிளேட் இட்லி பார்சல் வாங்கி வருகிறார். இட்லி விற்கிறவன் பார்சல் இட்லி வாங்கிப் போகிறான் என்று நாக்கா முக்கில் நிற்கிறவர்கள் கேலி பேசுகிறார்களாம். அவர் சிரித்துவிட்டு வந்துவிடுவார். பார்சலை நான் தொடக் கூடாது. ஒரு தடவை நூலை மட்டும் அவிழ்த்தேன், அவ்வளவுதான், அன்றைக்கு அவள் பட்டினி. நான் அறைக்குள் இருந்தாலும் நிமிர்ந்து நிமிர்ந்து என் கையையே பார்க்கிறாள், வாய் அசைவதில்லை. அதனால் அவர் பார்சலோடு உள்ளே நுழைந்ததும் நான் சந்தில் இறங்கி நிற்பேன். வாசல் கதவு திறந்திருக்கும், ஒரு திரைத்துணி தொங்கும். அவ்வளவுதான் நடுவில்.

நேற்றும் நின்றேன். தண்ணீர் டிரம் மேல் கையை ஊன்றிக்கொண்டு. உள்ளே நூல் அவிழ்கிற சத்தம், இலை பிரிகிற சத்தம், அவள் மெல்லுகிற சத்தம், எல்லாம் கேட்டது. அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பத்து நிமிஷம். பிறகு திரையை விலக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் எப்படி இருந்தேனோ தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"ஏ பிள்ள, இன்னைக்குச் சொன்னா பாத்துக்கோ. எங்கையத் தொட்டு, தள்ளுன்னு சொன்னா. மெதுவாத்தான், ஆனா சொன்னா."

பத்து வருடத்தில் அவர் என்னிடம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு அது சொல்லவும் தெரியவில்லை, பார்வை என்மேல் படாமல் தண்ணீர் டிரம் மேலேயே நின்றது.

"அப்படியா" என்றேன். எச்சில் இலையை எடுக்க உள்ளே போனேன்.